குடை பிடிக்காத அத்தைக்கு

அத்தை,

இன்று பள்ளி விட்டு வரும்போது கோயில் வாசலில் ஓர் அம்மா உப்பும் மிளகும் கலந்த பொட்டலங்களை அடுக்கி வைத்துக் கூவிக்கொண்டிருந்தார். "மரு உதிரணும்னா வாங்கிப் போடுங்கம்மா, உப்பு கரையற மாதிரி கரைஞ்சிடும்!" மிளகு வாசனை மூக்கில் ஏறியதும் உன் இடது கை நினைவுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

யாரையும் சட்டென்று நம்பாதவள் நீ. உன் தம்பியான என் அப்பாவைக்கூடத்தான். லாட்ஜ் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, அறை கேட்டு வருபவரின் முகத்தையும் ஆதார் அட்டையையும் மாறி மாறிப் பார்ப்பாய். பௌர்ணமிக் கூட்டத்திலும், "கிரிவலம் போறதுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய பெட்டி?" என்று கேட்காமல் சாவி தர மாட்டாய். "மூஞ்சிய நம்பாத, கேள்வி கேளு" என்று என்னிடமும் சொல்வாய்.

அப்படிப்பட்ட நீ உன் உள்ளங்காலில் இருந்த கறுப்புப் புள்ளியிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வெறுங்காலோடு மலையைச் சுற்றியதில் ஏதோ குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டாய். அது தோல் புற்றுநோய் என்று தெரிந்தபோது தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. சென்னையில் காலில் அறுவை செய்தார்கள். பிறகு, புற்றுச் செல்லில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட கோளாறைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரை தந்தார்கள். நெறி சுருங்கியது. ஆனால் அந்த மாத்திரையால் வெயில் பட்டாலே உன் தோல் சுட்டதுபோலச் சிவந்தது. எதிர்க்கடைக்குப் போனாலும் குடை பிடித்தாய். "மழையே இல்லாத ஊர்ல குடையோட திரியறது நான் ஒருத்திதான்" என்று சிரித்தாய்.

சில மாதங்களில் உன் இடது கையில் ஒரு முண்டு முளைத்தது. அம்மா அதை மரு என்றாள். உப்பு மிளகு வாங்கிக் கோயிலில் போட்டாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் விரலில் வந்த மரு மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தது. உன்னுடையதோ கடுகாகத் தொடங்கி வேகமாக வேர்க்கடலை அளவுக்கு வந்து, நடுவில் பொருக்குத் தட்டியிருந்தது. நீ முழுக்கை ரவிக்கைக்கு மாறினாய். டாக்டரிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்றாய்.

ஒரு நாள் மொட்டை மாடியில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாய். உச்சி வெயில். குடை இல்லை. முகம் சிவக்கவும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

"அத்தை, மாத்திரை சாப்பிடறியா?"

"வந்துட்டா பாரு சி.ஐ.டி.! போய்ப் படிடி."

"சாப்பிடறியா, இல்லியா?"

நீ கடலையைக் கிளறிக்கொண்டே இருந்தாய். "கட்டியக் கரைக்கும்னு குடுத்தாங்க. அதுவே புதுசா கட்டி வரவெக்குது. அத எப்படிடி நம்பறது?"

"உப்பு மிளக மட்டும் நம்புவியா?"

"அது உங்கம்மா நம்பறா. நான் எதையும் நம்பல."

"அப்ப டாக்டர கேள்வி கேளு. நீதான சொல்லுவ?"

என்னை முறைத்தாய். மறுநாள் அப்பாவையும் சேர்த்து மூவரும் சென்னை பஸ்ஸில் ஏறினோம்.

டாக்டர் அந்தக் கட்டியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று சொன்னார்: "நீங்க சந்தேகப்பட்டது சரிதாம்மா. மாத்திரையாலதான் வந்திருக்கு. இதுவும் தோல் புற்றுல ஒரு வகைதான். ஆனா பெரும்பாலும் வெட்டி எடுத்தா தீர்ந்துடும். மாத்திரைய நிறுத்தினா உள்ள இருக்கற பழசு திரும்ப வளரும். எங்ககிட்ட சொல்லாம நிறுத்தினீங்களே, அதான் தப்பு." இப்படிக் கட்டிகள் வருவதைக் குறைக்க இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "பாத்தியா, மாத்திரைதான்னு சொன்னேன்ல?" என்றாய்.

"மரு இல்லன்னு நான் சொன்னேன்ல?" என்றேன்.

கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாய். குடையை விரித்து என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாய்.

அடுத்த தீபத்தை மாடியிலிருந்து சேர்ந்து பார்த்தோம். அதற்கடுத்த கோடையில் மாத்திரைகள் கேட்காமல் போயின. நீ போன பிறகு அப்பா டாக்டரிடம் விசாரித்தார், நடுவில் நிறுத்தியதால்தானா என்று. "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றாராம். எங்களைத் தேற்றுவதற்காக அப்படிச் சொன்னாரா, உண்மையிலேயே தெரியாதா? அந்தப் பதிலை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், நீ ஆதார் அட்டையைப் பார்ப்பதுபோல.

இன்று கோயில் வாசலில் ஓர் அக்கா அந்தப் பொட்டலத்தை வாங்கினாள். கழுத்தில் ஒரு மரு. முன்பின் தெரியாதவள்தான். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, இது எப்பலேர்ந்து இருக்கு? வேகமா வளருதா? ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஏம்மா, நீ இன்னா டாக்டரா, போலீஸா?"

"ரெண்டும் இல்லக்கா. எங்க அத்தை லாட்ஜுல வேலை பாத்தாங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் பதில் சொன்னாள்: சின்ன வயதிலிருந்தே இருக்கிறதாம், வளரவே இல்லையாம், மாத்திரை எதுவும் கிடையாதாம். நான் அவள் கழுத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். பிறகு உன் குடையை விரித்து வீட்டுக்கு நடந்தேன்.