நூற்று இருபத்தெட்டு அடி

சுங்குவார்சத்திரம்

அன்புள்ள அப்பாவுக்குச் செல்வியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சுகரும் எப்படி இருக்கின்றன? நான் நலம்.

சவுண்ட் செட் வைத்திருக்கும் உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்கும் லைனில் தூக்கம் வருகிறது, பாட்டுப் போடுங்கள் என்று நாங்கள்தான் கையெழுத்துப் போட்டுக் கேட்டோம். போட்டார்கள். சூப்பர்வைசர் வசந்த் சரித்திரமே சொன்னார்: "டிஸ்கோ காலத்துல நிமிஷத்துக்கு நூத்தியிருவது தாள அடிம்மா. அப்பால மெஷின் டிரம் வந்துச்சு. ஏத்திக்கினே போயி, இப்போ கிளப்புல நூத்தியிருவத்தெட்டு. ஆடுறவனுக்குக் கால் வலியே தெரியாது."

ஆடுகிறவனுக்குத் தெரியாதுதான். பாட்டின் நாலு அடிக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்கப் பழகிவிட்டோம் நாங்கள். நூற்றிருபதில் ஓடிய பாட்டைப் போன வாரம் நூற்றிருபத்தெட்டு ஆக்கிவிட்டார்கள். மணிக்கு நூற்றிருபது ஸ்க்ரூ கூடுதல். ஒருவரையும் அதட்டக்கூட இல்லை. நிறுத்தச் சொன்னால், "நீங்க கேட்டதுதானே?" என்கிறார் வசந்த்.

மணிக்கட்டுக்குத் தைலம் அனுப்புங்கள், பயப்பட ஒன்றுமில்லை. போனில் பேசும்போது பின்னால் ஓடும் செட்டை நிறுத்திவிடுங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. கோயில் கொடை விழாவுக்கு நான் வரும்போது டான்ஸ் பாட்டு மட்டும் போடாதீர்கள், அப்பா. அந்த அடி கேட்டால் என் வெறுங்கை ஸ்க்ரூ முடுக்குகிறது.

இசக்கிசெல்வி