குசாகாபே முத்திரை

என் கணவருக்கு,

நேற்று நகோயா விழாவில் உங்களுக்குப் பதக்கம் குத்தினார்கள், நான் வரைந்த மின்மாற்றிக்காக. ஒரே அலுவலகத்துப் பொறியாளர்கள் நாம். கல்யாணத்துக்குப் பிறகு கையெழுத்துக்குப் பதிலாக நான் பதிக்கும் முத்திரையிலும் உங்கள் குடும்பப் பெயர்தான். வரைபடத்தின் மூலையில் ‘குசாகாபே’ என்று பார்த்ததும் உங்களுடையது என்று நினைத்துவிட்டார்கள்.

அது அவர்கள் தவறு. “வீட்டுக்காரர் வரைஞ்சத அழகா நகல் எடுத்திருக்கீங்களேம்மா” என்று இயக்குநர் என்னிடம் சொன்னபோது, பக்கத்தில் நின்று சிரித்தீர்களே, அது யார் தவறு?

இன்று பிறந்த வீட்டுப் பெயரில் புது முத்திரை செதுக்கிக்கொண்டேன். பழையது இந்த உறையில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அமைச்சகத்துப் பொறியாளர்கள் மின்மாற்றியைப் பற்றிக் கேள்வி கேட்க வருகிறார்கள். வரைந்தவரே பதில் சொல்ல வேண்டுமாம்.

போய்ச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நகல் எடுத்தவள்