மேனேஜரை நிறுத்திய கை

ஓசூர்,
14.11.1993

அன்புள்ள அப்பாவுக்குப் பரமசிவம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

பேசும்போது கையை ஆட்டாதே என்று என்னை அடித்து வளர்த்தீர்கள். இப்போது அதற்கே சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நின்று சைகை காட்டும் வேலை.

தேர்வு நடக்கும்போது, தொங்கிக்கொண்டிருந்த இரும்பு உத்தரத்தின் அடியில் எங்கள் மேனேஜர் விருந்தினர்களோடு வந்து நின்றார். நான் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்.

"யோவ், நான் மேனேஜர்யா. வேலை நடக்கட்டும்" என்றார். அவர் தலைமேல்தான் நடந்திருக்கும்.

கிரேனிலிருந்து கெலமங்கலத்து ஆஞ்சப்பன், "அவுரு கையத்தான் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க சார். உங்க வாய இல்ல" என்றார்.

மேனேஜர் நகரும்வரை நான் கையை இறக்கவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். நேற்றுச் சான்றிதழ் வந்தது. அடியில் அவருடைய கையெழுத்துதான்.

பகலெல்லாம் சைகையிலேயே போவதால் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு நாளாகிறது. அம்மா சொல்வதைச் சுருக்காமல் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

ஷிப்டு மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும். பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பஸ் நிலையத்தில் அம்மா கையை ஆட்ட வேண்டாம். தூக்கவும் இறக்கவும் என் கை மட்டும்தான்; ஆனால் ஆபத்தென்று யார் கையை ஆட்டினாலும் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. நான் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவேன்.

பரமசிவம்