தவமணியைப் பற்றி டாக்டரிடம் அப்பா சொன்னது

பிரிக்பீல்ட்ஸ்,
16.5.1989

அன்பு மகள் யோகத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் சின்னவளும் முருகன் அருளால் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், சுகமா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறக்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாய் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாய் இருந்தால் அதனால்தான், அம்மாவுக்குக் கண் போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. சின்னவளுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், அந்தக் குளிரில் தலைக்கு ஊற்றிவிட்டு ஈரத்தோடு விடாதே, சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கொடு, இங்கிலீஷ் மருந்து பிறகு பார்க்கலாம்.

உன் தங்கை தவமணி சனிக்கிழமைகளில் கிள்ளானுக்குப் பிங்போங் விளையாடப் போகிறாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஊனமுற்றோர் சங்கத்து வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஏதோ மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று பந்தைத் தட்டுகிறாள் என்றுதான் நினைத்தோம், பேங்கில் டெலிபோன் எடுத்து எடுத்துச் சலித்த பிள்ளைக்குப் பொழுது போகட்டும் என்று நாங்களும் விட்டிருந்தோம். போன வாரம் வந்து, செப்டம்பரில் ஜப்பானில் பெரிய போட்டியாம், ஞாயிறு ஆள் எடுக்கிறார்களாம், அப்பாவும் அம்மாவும் வாங்க என்றாள். ஜப்பான் என்றதும் உன் அப்பா ரயில்வேயில் கிளார்க்காய் இருந்த காலத்து வெள்ளைக் கால்சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டேன். அவள் காலையிலேயே வேனில் போய்விட்டாள், நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

மண்டபத்துக்குள் கால் வைத்தேன், பிள்ளை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவமணி வீல்சேரில் உட்கார்ந்திருக்கிறாள். காலில் இரும்புக் காலிபரை வாரால் கட்டிக்கொண்டு கம்பை ஊன்றி என் கண் முன்னால் வேனில் ஏறிப் போன பிள்ளை. விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன், ஐயோ என்று நான் போட்ட சத்தத்தில் நாலு மேசையிலும் ஆட்டம் நின்றுவிட்டது, இடியப்பப் பெட்டி ஒரு பக்கம் சம்பல் ஒரு பக்கம். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு, கத்தாதீங்கம்மா, ஒன்னும் ஆகலை, நான் எப்பவும் இதுலதான் உக்காந்து விளையாடுறேன் என்றாள். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அவள் சிறுபிள்ளையாய் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் வீல்சேர் தருகிறோம் என்றதற்கே, என் பிள்ளை நடப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தவராயிற்றே. அவளைப் பழக்குகிற காதர் என்கிறவர், கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறார், அவருக்கே ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லை, ஓடிவந்து எங்களைப் பெஞ்சில் உட்காரவைத்து குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தார்.

விளையாட விடுமுன் ஒவ்வொருவரையும் டாக்டர் பார்க்கிறார். உள்ளே கூட ஒருவர் வரலாம் என்றதும் அப்பா எழுந்துவிட்டார், நானும் விடவில்லை. சீன டாக்டர், தங்கமான மனுஷன். கட்டிலில் படுக்கவைத்துக் காலைத் தூக்கு, தள்ளு, மடக்கு என்று பார்த்தார், பிறகு வீட்டில் எப்படி நடமாடுகிறாய் என்று அவளைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் அப்பா தன் ரயில்வே இங்கிலீஷை எடுத்துவிட்டார். என் மகள் நன்றாய் நடப்பாள், அந்த நாற்காலி அவளுக்குத் தேவையே இல்லை, பத்துமலையே ஏறியவள் என்றார். பத்துமலை முருகன் கோயில் படி முழுக்க அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியது இவர், அதை மட்டும் சொல்லவில்லை. நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, யார் வந்து பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் பெண் பார்க்க வந்த மாதிரிதான் நமக்கு, குறையை மடியில் கட்டிக்கொண்டு நிறையை நாலாய்ச் சொல்லுவோம். டாக்டர் எழுதிக்கொண்டார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, மனுஷன் எப்படிப் பேசினார் என்று வெளியே வந்து அவர் சட்டைக் காலரைக்கூடச் சரி செய்துவிட்டேன்.

சற்று நேரத்தில் காதர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். அங்கிள் என்ன அங்கிள் சொன்னீங்க உள்ள, தவமணியை நின்னு விளையாடுற கூட்டத்துல போட்டுட்டாங்க லா என்றார். அப்போதும் எங்களுக்கு விளங்கவில்லை, நின்று விளையாடுவது இன்னும் மேல்தானே என்றார் அப்பா. காதர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தப் போட்டியில் உடம்பு எவ்வளவு முடியும் என்று பார்த்து அதே அளவு உள்ளவர்களோடுதான் மோதவிடுவார்களாம். உட்கார்ந்து ஆடினால் தவமணியை அடிக்க இங்கே ஆள் இல்லையாம், நிற்கிறவர்களோடு போட்டால் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்ட வேண்டியதுதானாம். அவர் சொல்லி முடிக்கவில்லை, அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதிரே பந்திங்கிலிருந்து வந்த பெண், ஒரு கை கொஞ்சம் குட்டை, மற்றப்படி முயல்குட்டி மாதிரித் துள்ளுகிறாள். இவள் ஒரு கையில் கம்பு, ஒரு கையில் மட்டை. பந்து பக்கத்தில் வந்தால் எடுத்துவிடுகிறாள், ஒரு எட்டு தள்ளி வந்தால் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றை எட்டி எடுக்கப் பார்த்தாள், காலிபர் வழுக்கி முகம் குப்புற விழுந்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

காதர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டருக்கும் சங்கடம். காலில் பலம் குறைவு என்று பார்த்தேன், ஆனால் தகப்பனே சொன்னதால்தான் அப்படி எழுதினேன், இனி மாற்ற வேண்டுமானால் அவரே சொல்லட்டும் என்றார். எல்லோரும் அப்பாவைப் பார்க்கிறார்கள். அவர் தரையைப் பார்க்கிறார். அப்போது உன் தங்கை செய்ததைக் கேள். உதட்டில் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்தபடியே காலிபர் வாரை ஒவ்வொன்றாய் அவிழ்க்கிறாள். வேண்டாம்டி, இத்தனை ஆம்பிளைகள் இருக்கிறார்கள் என்று நான் ஓடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பா, வீட்டுல கதவைச் சாத்திட்டு நான் எப்படிப் போவேன்னு நீங்களே சொல்லுங்க, நீங்க சொல்லாட்டி நான் செஞ்சு காட்டுறேன் என்றாள். அவள் பிறந்த மேனியாய் நின்றிருந்தால்கூட எனக்கு அப்படிக் கூசியிருக்காது. வாசல் கதவைச் சாத்தாமல் அந்தக் காலிபரை நாம் என்றைக்காவது கழற்றியிருக்கிறோமா, நீயும்தானே ஓடிப்போய்த் தாழ் போடுவாய்.

அப்பா வாயைத் திறந்தார், இங்கிலீஷ் வரவில்லை. கடைசியில் தமிழில், தவழ்ந்து போவாள், என் பிள்ளைக்கு நடக்க வராது என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. காதர்தான் மெல்ல, மெராங்காக், டாக்டர் என்று அதையே மலாயில் சொன்னார். நான் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவளுக்குக் கால் போன நாளிலிருந்து தவழ்வாள் என்கிற வார்த்தை எங்கள் இரண்டு பேர் வாயிலும் வந்ததில்லை, பிள்ளை. அப்பா போய்க் குனிந்து அவளைத் தூக்கி வீல்சேரில் உட்காரவைத்தார். கால் இரண்டையும் எடுத்துப் பலகைமேல் வைத்ததும் அவர்தான்.

டாக்டர் மாற்றி எழுதினார். அதற்குப் பிறகு நான் பார்த்தது என் மகளைத்தானா என்று இன்னும் சந்தேகமாய் இருக்கிறது. உரக்கத் தும்மக்கூடக் கூச்சப்படுகிறவள், ஒவ்வொரு பந்துக்கும் ஹா என்று உறுமுகிறாள். வலைக்குப் பக்கத்தில் சொட்டென்று ஒன்றை விடுகிறாள், எதிரே சேரில் இருப்பவருக்குக் கை எட்டாது, அவர் முன்னால் சாய்ந்ததும் அடுத்ததை மூலைக்கு அடிக்கிறாள். கணக்குப் போடுகிறவர் ஒரு புள்ளியைத் தப்பாய்ச் சொல்ல, அவரையே ஒரு பிடி பிடித்தாள், எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. ஆனால் அவள் சொன்னதுதான் சரியாம். சாயங்காலம் பெயர் வாசித்தார்கள், ஜப்பானுக்கு எடுத்த பெயர்களில் முதல் பெயர் அவளுடையது. மண்டபமே கை தட்டுகிறது, உன் அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

நேற்று அப்பா காதரோடு போய், சங்கத்தில் ஒரு பழைய வீல்சேரைக் கேட்டு வாங்கி, பட்டப்பகலில் நம் தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இராஜம்மா அக்கா யாருக்கு அண்ணே என்று கேட்டதற்கு என் சின்ன மகளுக்கு என்று நின்று பதில் சொன்னார். எனக்கு இன்னும் பழகவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அவள் என்னவோ அதில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள், முணுமுணுவென்று பாட்டு வேறு. உதட்டு வீக்கம் வற்றிவிட்டது.

இரண்டு வேளையாவது சோறு சாப்பிடு, டூட்டி டூட்டி என்று ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடாதே. மருமகனுக்கு எங்கள் அன்பு, சின்னவளுக்கு முத்தம். முருகன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. உன் கல்யாணத்தன்று தவமணியை மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிள்ளைக்குக் கால் சுளுக்கு என்று உன் மாமியாரிடம் சொன்னோம். அந்த அம்மாவும் பாவம், இன்றுவரை கடிதத்துக்குக் கடிதம் சுளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு நீயே நேரில் போய், அது சுளுக்கு இல்லை, குழந்தையில் வந்த போலியோ, என் தங்கைக்கு நடக்க வராது, ஜப்பானுக்கு விளையாடப் போகிறாள் என்று சொல்லிவிட்டு வா. இந்த வரியை எழுது என்று அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
மீனலோசனி சண்முகரத்தினம்