நாடி வரைக்கும் கடல்

என் உடன்பிறந்த ராத்தா,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்று சின்ன வயதில் என் காதைத் திருகிச் சொன்னவர் நீங்கள். அந்தக் கடமை இப்போதும் உங்களுக்கு இருக்கிறதா, யாரிடம் கேட்பது?

நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. உங்களை அடக்கிய இடத்தை இன்னும் நான் பார்க்கவில்லை. அதனால்தான் கடதாசியை எடுத்தேன். மற்றவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும். நாம் இருவரும் போட்ட சண்டையெல்லாம் மருதமுனைக் கடற்கரை வரைக்கும் கேட்டதுதானே, புதிதாக ஒளிக்க என்ன இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. உம்மா இருக்கிறார். சோறு கரைத்துக் கொடுத்தால் குடிக்கிறார். கண் முக்கால்வாசி போய்விட்டது, ஞாபகம் அதைவிட வேகமாகப் போகிறது. என் பெயரைக்கூட சில நாட்களில் தேடுகிறார். உங்களை மட்டும் மறந்தபாடில்லை. நீங்கள் மௌத்தானதைத்தான் மறந்துவிடுகிறார்.

"மூத்தவ எங்க புள்ள?" என்று காலையில் கேட்பார். ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தியை அப்போதுதான் கேட்பவர் போல நெஞ்சில் கை வைத்து அழுதார். மறுநாள் மறுபடி கேட்டார். ஒரே மௌத்தை ஒரு தாய்க்கு எத்தனை தடவை சொல்வது ராத்தா? இப்போது, "கடக்கரைக்குப் போயிருக்கா உம்மா, வந்திருவா" என்கிறேன். ஓம், பொய்தான். நீங்கள் இருந்திருந்தால் வாயில் ஒன்று போட்டிருப்பீர்கள்.

அந்தப் பொய் பலித்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் இன்னும் தினமும் படம் கீறுகிறேன். சுபஹு தொழுதுவிட்டுப் பின் விறாந்தையில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வெயில் ஏறும் வரைக்கும் கடல். பக்கத்துப் படியில் நீங்கள் இல்லை, பிளேன்டியை உறிஞ்சும் சத்தம் இல்லை. "நேத்தயக் கடலும் இண்டயக் கடலும் ஒண்டா புள்ள? என்னத்துக்கு அதே கலரக் கிள்ளிக் கிள்ளிப் போடுறாய்?" என்று கேட்க ஆளில்லை. கேட்காததால் கடல் ஒன்றும் நன்றாக வந்துவிடவில்லை. சொல்லப்போனால் மோசமாகத்தான் வருகிறது.

வாசிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். பெஸ்டல் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தேய்க்கும் மெழுகுக் குச்சி அல்ல. இது வெறும் நிறத்தூளைக் குச்சியாகப் பிடித்து வைத்தது. தொட்டால் விரலில், ஊதினால் மூக்கில். இது தாளில் ஒட்டுவதே இல்லை, தாளின் சொரசொரப்புக்குள் குந்தியிருக்கும், அவ்வளவுதான். அதனால் வழவழப்பான தாள் உதவாது. தச்சர்கள் மரம் தேய்க்கும் சாண்ட் பேப்பரில், அதிலும் மிக மெல்லியதில்தான் நான் பழகினேன். பெருவிரலால் நிறத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து எரியும். அந்தக் கையோடு உங்கள் அம்மியில் மிளகாய் அரைக்க உட்கார்ந்த நாளை மறப்பேனா?

குச்சிகள் ஒன்றோடொன்று உரசி அழுக்கானால் பச்சை அரிசிக்குள் போட்டுக் குலுக்க வேண்டும். அரிசி அழுக்கை எடுத்துவிடும். நான் அப்படிக் குலுக்கி டின்னில் விட்டிருந்த அரிசியை நீங்கள் ஒருநாள் அறியாமல் களைந்துவிட்டீர்கள். களைந்த தண்ணீர் பெருநாள் உடுப்புத் துவைத்ததுபோல் நீலமாக ஓடியது. கோழிக்குப் போட்டோம், கோழியும் பார்த்துவிட்டுப் போய்விட்டது. "ஒன்ட கடல நீ தாள்ல வெச்சிக்க, என்ட சட்டிக்குள்ள கொண்டு வராத" என்று அன்று முழுக்க முழங்கினீர்கள். நீங்கள் போன பிறகு குசினியை ஒதுக்கும்போது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. நிறையக் குறுணல் அரிசி, எனக்கென்று புடைத்து எடுத்து வைத்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள். அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு குசினித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மாரி ஞாபகம் இருக்கிறதா? மழையில் கடலே தெரியவில்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. நீங்கள் படியில் தலையைச் சாய்த்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தைக் கீறினேன். புகைப்படத்துக்குக்கூட முக்காட்டை இழுத்துத் திரும்பிக்கொள்ளும் ஆள் நீங்கள். மழைச் சத்தத்தில் என் குச்சிச் சத்தம் கேட்கவில்லை. முடித்துப் பெருவிரலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எழும்பி வந்து பார்த்தீர்கள்.

"என்ன செஞ்சி வெச்சிருக்காய் நீ?"

"வடிவாத்தானே வந்திருக்கு ராத்தா."

"வடிவக் கேக்கல்ல நான். உசிருள்ளதக் கீறினவங்கள மறுமையில கூப்பிட்டு, இதுக்கு உசிர் குடு எண்டு கேப்பாங்க. அப்ப என்ன புள்ள சொல்லுவாய்? அழி. என்ட கண்ணுக்கு முன்னுக்கு அழி."

உங்களோடு வாதாடி வென்றவர் யார்? பன்றிமயிர்த் தூரிகையெல்லாம் நம் வீட்டுக்குள் வராது என்பதால் நைலோன் தூரிகையை எடுத்து, உங்கள் முன்னாலேயே தட்டித் துடைத்தேன். முகம் பொடியாக விழுந்தது. விழுந்த பொடியை நீங்களே பழைய பத்திரிகையில் கூட்டிக்கொண்டு போய்த் தேசிக்காய்ச் செடியின் அடியில் கொட்டினீர்கள். கொட்டிவிட்டுக் கையையும் கழுவினீர்கள். எனக்கு அன்று சிரிப்பாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

நல்ல தாள், வீணாகக் கூடாது. மழை விட்டதும் அதே தாளில் கடலைக் கீறினேன். என் கடல்களில் உங்களுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். கல்முனையில் கண்ணாடி போட்டு, நீங்கள் தொழுகிற நடு அறையில், உங்கள் கையாலேயே மாட்டினீர்கள். அடியில் யார் இருந்தார் என்பதை இருவருமே மறந்துவிட்டோம்.

பிறகு போன மாரியில் உங்களுக்குக் காய்ச்சல். ஆசுபத்திரி. கட்டாரில் இருக்கும் உங்கள் மகன் டிக்கட் எடுக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. உங்களைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. முகத்தைக் கழுவும்போது என் பெருவிரல் உங்கள் கன்னத்து எலும்பில் போய் நின்றது. அந்த இடம் அதற்குப் பழக்கமான இடம். கபன் துணியால் முகத்தை மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்க்கச் சொன்னார்கள். எல்லோரும் அழுதார்கள். நான் உங்கள் உதட்டைப் பார்த்து, இது சாம்பலில் கொஞ்சம் ஊதா என்று நினைத்தேன். அல்லாஹ் அறிய அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. உங்கள் முகத்தை நினைக்க முயன்றால் அந்த நிறம் வருகிறது, முகம் வருவதில்லை.

இந்த மாரி தொடங்கியபோது, நடு அறைப் படத்தில் கண்ணாடிக்குள் அடிப்பக்கம் நீலப் பொடி ஒரு கோடாகக் கிடந்தது. கண்ணாடி போட்டவர் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடாமல் ஒட்டி வைத்துவிட்டார். உப்புக் காற்று வேறு. பொடியில் கொஞ்சம் கண்ணாடி இழுத்துக்கொண்டது, கொஞ்சம் கொட்டிவிட்டது. வெளுக்கிறது போல என்று விட்டுவிட்டேன். அடிவானம் இருந்த இடத்தில் ஒரு வளைவு தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன்.

அதை முதலில் கண்டது உம்மா. எழுத்து தெரியாத, தட்டில் மீன் எது முள் எது என்று தெரியாத அந்தக் கண்ணால் கண்டார்.

"ஆரு இது, கடலுக்குள்ள நிக்கிற?"

"அது படம் உம்மா."

"மூத்தவதானே? என்னத்துக்கு இவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள நிக்கிறா? உள்ள வரச் சொல்லு புள்ள."

கிட்டப் போய்ப் பார்த்தேன். வளைவு உங்கள் நெற்றி. அதன் கீழே, அலைக்குள்ளே, மழையைப் பார்த்த அதே கண்கள்.

கொஞ்சம் நிதானித்ததும் என்ன நடந்தது என்று விளங்கியது. தூரிகை மேல் பொடியைத்தான் தட்டும். நான் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தது தாளின் சொரசொரப்புக்குள் இறங்கியிருந்தது, அது போகவில்லை. உங்கள் முகத்தால் நிறைந்திருந்த தாளில் கடலுக்குப் பிடிமானம் இல்லை. அதனால் கடல் கழன்று விழுகிறது, நீங்கள் நிற்கிறீர்கள். காரணம் தெரிந்தால் பயம் போகும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. நீங்கள் மேலும் மேலும் வந்தீர்கள். மூக்கு, கன்னம், ஒருநாள் உதடு. உதடு ஊதா இல்லை, ராத்தா. செங்கல் நிறம். நான் உயிரோடு பார்த்துக் கீறியது.

உங்கள் தொழுகைப் பாய்க்கு நேர் முன்னால் உங்கள் முகம். எனக்குத் தொழ முடியவில்லை. உம்மாவுக்கோ, வீட்டில் இருளே விலகிவிட்டது. கதிரையைப் படத்துக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உங்களோடு கதைக்கிறார். உங்களைப் பற்றி என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார். அழுகையும் நின்றுவிட்டது.

நான் என்ன செய்ய? அழி என்று நீங்கள் சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. உங்கள் முகம் உலகத்தில் இருக்கும் ஒரே இடமும் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு முடிவோடு படத்தை இறக்கினேன். பின்பலகையைக் கழற்றித் தாளை மேசையில் கிடத்தினேன். கண்ணாடியில் கடல் ஒட்டியிருந்தது, தாளில் நீங்கள். இந்த முறை தண்ணீரில் கழுவிவிடுவது என்று சட்டியில் தண்ணீரும் வைத்திருந்தேன். முதலில் பொடியைத் தட்டலாம் என்று தூரிகையை எடுத்தேன். உம்மா கதிரையை விட்டு எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பக்கத்தில் நின்றார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மெதுவாப் புள்ள. கண்ணுக்குள்ள தூசி விழுந்திரும் அவக்கு."

தூரிகையைக் கீழே வைத்தேன்.

"படுத்திருக்கா போல. கடக் காத்துப் படுது. போத்தி உடு."

போர்த்துவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? நீலக் குச்சியை எடுத்தேன். பலமாக அழுத்தாமல், குச்சியைப் படுக்க வைத்து, உங்கள் தோளில் இருந்து தொடங்கினேன். கழுத்தில் கொஞ்சம் பச்சை. பழைய கடல்தான், கை அறிந்த கடல். பொடியை ஊதாமல் தாளைச் சரித்துத் தட்டினேன், உங்கள் கண்ணில் விழாதபடி. நாடியைத் தாண்டி உதட்டுக்கு ஏறப் போகும்போது உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இன்னும் இருக்கிறது.

"மூஞ்ச மூடாத. நாடி வரைக்கும் இழுத்து உடு, போதும். மூஞ்ச மூடினா அவக்கு மூச்சு முட்டும். சின்னதில இருந்தே அப்பிடித்தான்."

ஓம், அப்படித்தான். ஒரே பாயில் படுத்தவள் நான், எனக்கு மறந்துவிட்டது. நுளம்பு மொய்த்துக் கடித்தாலும் முகத்தை மூடமாட்டீர்கள். நாடி வரைக்கும் போர்வை, அதற்கு மேல் வெறும் முகம். கபனில் உங்கள் முகத்தை மூடியபோது இது எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

இவ்வளவு காலமும், உங்கள் முகத்தைக் கீறுவது உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நாளை மறுமையில் கூண்டில் நிற்கப் போகிறவள் தங்கச்சி என்றுதான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். எனக்காகப் பயந்திருக்கிறீர்கள், ராத்தா. அதை அன்றைக்கே அப்படிச் சொல்லியிருந்தால் என்ன? குறுணல் அரிசியைப் போல எல்லாவற்றையும் டின்னில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விட்டீர்களே.

படம் இப்போது நடு அறையில் இல்லை. நீங்கள் தொழுத இடம் வெறும் சுவராக இருக்கிறது. உம்மாவின் அறையில், அவர் கட்டிலுக்கு நேராக, கண்ணாடி இல்லாமல் வைத்திருக்கிறேன். கண்ணாடி இல்லாததால் கடல் இன்னும் வேகமாக உதிர்கிறது. பழைய குருடி கதவைத் திறடி கதைதான். நிறம் உதிராமல் அடிக்கும் மருந்து இருக்கிறது, உங்கள் மகன் அனுப்பிய நிறக்குச்சிப் பெட்டியிலேயே ஒரு போத்தல் கிடக்கிறது. அடிக்கமாட்டேன். சுபஹுக்குப் பிறகு இப்போது நான் கீறும் கடல் இது ஒன்றுதான். இரவில் கழன்ற போர்வையை நாடி வரைக்கும் இழுத்துவிடுகிறேன். உம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், சரியாக இழுக்கிறேனா என்று.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அழி என்றீர்கள், அழிப்பேன். உம்மா பார்க்க வேண்டிய தேவை முடிகிற அன்றைக்கு, என் கையாலேயே உங்கள் முகத்தைக் கழுவிவிடுவேன். ஒருமுறை கழுவிய கைதானே. மறுமையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் கேட்கட்டும். உசிர் கொடுக்க என்னால் ஆகாது, பெற்று உசிர் கொடுத்தவள் பக்கத்தில் நின்று முகத்தை மூடாதே என்றாள், அதனால் மூடவில்லை என்று சொல்வேன்.

அதுவரைக்கும் மூச்சு விடுங்கள், ராத்தா.

உங்களோடு ஒரே பாயில் படுத்த,
நகத்தில் நீலம் போகாத தங்கச்சி