பயத்துக்கு என்ன ஊசி?

என்னங்க,

"வலிக்கு ஊசி போடுறீங்க. பயத்துக்கு என்னம்மா போடுவீங்க?" என்று நம் மகள் ஒருநாள் கேட்டாள். அப்போது சிரித்துவிட்டேன்.

நேற்று சிறுநீரகக் கல் வலியில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்து, "கட்டின புருஷனுக்கே மார்ஃபின் போட மனசில்லையாடி?" என்று கத்தினீர்கள். "இங்க நான் நர்ஸ், உங்க பொண்டாட்டி இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அதிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை.

கஞ்சத்தனம் இல்லைங்க. கல் வலி மார்ஃபினுக்கு எவ்வளவு அடங்குமோ, டைக்ளோஃபினாக் ஊசிக்கும் அவ்வளவு அடங்கும், வாந்தியும் குறைவு. உங்கள் சிறுநீரகம் நன்றாக வேலை செய்வதைப் பார்த்துத்தான் டாக்டர் அதைப் போடச் சொன்னார். அதற்கும் அடங்காவிட்டால் மார்ஃபின் போட்டிருப்போம்.

ஊசி சரிதான். அது வேலை செய்யும்வரை இருபது நிமிடம் உங்களைத் தனியாக விட்டதுதான் தப்பு. பிரசவ அறையில் பத்து மணி நேரம் என் கையை விடாமல் நின்றவர் நீங்கள். பயத்துக்கு யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் மருந்து.

நான் டியூட்டிக்குக் கிளம்புகிறேன். சூப் பிளாஸ்கில் இருக்கிறது. காய்ச்சலோ குளிரோ வந்தால் உடனே போன் செய்யுங்கள்.

கல் விழுந்தால் பிடிக்க, குளியலறையில் வடிகட்டி வைத்திருக்கிறேன். தயவுசெய்து டீ வடிகட்டியைத் தொடாதீர்கள்!

இன்னொன்று. இன்று காலையில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, பிரார்த்தித்தபடி, இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மகளும் எழவில்லை, நீங்களும் விழிக்கவில்லை.