குப்புறக் கிடந்த நாலு கடதாசி

குருநகர்
12.02.2025

அன்புள்ள மகள் பிரியந்தினிக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நீ குளிர் பிடிக்காமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். போனில் கதைத்தால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், ஒரு விஷயமும் முடிவதில்லை. அதனால்தான் பேனை எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று உனக்குத் தெரியும்தானே.

விஷயம் உன் தம்பியின் கொம்பியூட்டர். அன்று பின்னேரம் லியோன் சாப்பாட்டு மேசையில் இருந்து அதில் ராசா ராணிக் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தான். தன்பாட்டில் ஒருத்தனாய் விளையாடுவானே, அந்த விளையாட்டு. மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழும்பினான். “பாண் வாங்கிக்கொண்டு வாறன் அம்மா, சம்பலை இடியுங்கோ” என்றான். நான் சம்பல் இடித்து முடியவில்லை, பக்கத்து வீட்டு மக்டலீன் ஓடி வந்தாள், சந்தியில் பஸ் அடித்துப்போட்டுது என்று.

அந்த ஆட்டம் அப்படியே இருக்கிறது பிள்ளை. நான் மூடவில்லை. வயரைச் செருகியே வைத்திருக்கிறேன். காலையில் கோயிலால் வந்து ஒரு தட்டுத் தட்டினால் முழித்துக்கொள்ளும். அவன் வைத்த கடதாசி வைத்தபடி.

இப்போது ஒரு பெட்டி வந்து அதை மறைக்கிறது. மக்டலீன் சங்கக் கந்தோரில் கொம்பியூட்டர் பாவிக்கிறவள், வாசித்துச் சொன்னாள். ஏதோ அப்டேட் வந்திருக்குதாம். இப்போது ஏற்றட்டோ, பிறகு ஏற்றட்டோ என்று கேட்குதாம். ஏற்றினால் ஒருக்கால் நின்று திரும்ப எழும்புமாம். எழும்பினால் பாஸ்வேர்ட் கேட்குமாம். அது என்னவென்று அவனுக்குத்தான் தெரியும். ஆட்டமும் போய்விடும். நான் ‘பிறகு’ என்றதை அமத்திக்கொண்டு வருகிறேன். அவள் ஏசுகிறாள். “அக்கா, அதைத் தானாய் ஏற விடுங்கோவன். ஏன் உதோடை மல்லுக்கட்டுறியள்?”

“தானாய் நடந்ததெல்லாம் காணும், போதும்” என்றேன்.

அது ஒருநாளும் ஏறாமல் பண்ண வழி இருந்தால் எழுது.

உன் அம்மா,
யோசப்பின்

லா கூர்நெவ்
02.03.2025

அன்பின் அம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டு வேலைக்குப் போகிற ரயிலில் அழுதுவிட்டேன். அழாமல் இருக்கத்தான் எழுதினீர்கள், பாருங்கோ.

ஒருநாளும் ஏறாமல் பண்ண ஏலாது அம்மா. தானாக ஏற விடலாம். இல்லாவிட்டால் நீங்களே ஒரு நேரம் பார்த்து ஏற்றலாம். நிறுத்தி வைக்கிறதுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. தம்பியும் ‘பிறகு, பிறகு’ என்று அமத்துகிறவன்தான், அதற்கு எத்தனை தரம் என்னிடம் பேச்சு வாங்கினான். நீங்கள் தானாகவே ஏற விடுங்கோ. நித்திரையிலேயே நடந்து முடிந்துவிடும், உங்களுக்குத் தெரியவும் வராது. அவன் அனுப்பின படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஒன்றும் தொலையாது.

ஒரு குறை சொல்லட்டோ? கடிதம் முழுக்கக் கொம்பியூட்டர். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. இங்கே என்னுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால்தானே வர முடியாமல் போனது. செத்த வீட்டை மக்டலீன் அக்காவின் போனில் பார்த்தேன். பெட்டியை மூடுகிற நேரம் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது வெறும் கதிரைகள். எனக்கும் அவன் அங்கேயே நிற்கிறான் அம்மா.

உங்கள் மகள்,
பிரியந்தினி

குருநகர்
17.03.2025

அன்புள்ள மகளுக்கு,

நித்திரையில் நடந்து முடியும் என்று எழுதினாய். அது வேண்டாம் மகள். நான் விடிய எழும்பிப் போய்ப் பார்க்க, அது போயிருக்கக் கூடாது.

மக்டலீன் வந்து நிறுத்தக்கூடிய மட்டும் நிறுத்தி வைத்தாள். ஏப்ரல் இருபத்தோராம் திகதி மட்டும்தானாம். அதற்குப் பிறகு என்னைக் கேட்காதாம்.

படம் என்னிடமும் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் இது அவன் முடிக்காமல் விட்ட ஆட்டம். வெல்லுகிற ஆட்டம். எனக்குக் கடதாசி தெரியாதா? அப்பா இருந்த காலம் நானும் அவரும் ஒரு பக்கம், நீங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கமாய் முந்நூற்றிநாலு விளையாடி உங்களை எத்தனை தரம் தோற்கடித்திருப்போம். “அம்மா கள்ளம்!” என்று தம்பி தெருவுக்குக் கேட்கக் கத்துவான். இதில் பார், ஜாக் வெளியில் கிடக்கிறது, ஒன்பது கிடக்கிறது. இவ்வளவு பெரிய கடதாசியை வைத்துக்கொண்டு ஆராவது தோற்பானா? பாண் வாங்கி வந்து முடிக்க இருந்தவன்.

அந்தத் திகதிக்கு முதல் நீ அதை முடித்துத் தா. எதை எதன்மேல் வைக்கிறது என்று எழுது, நான் வைக்கிறேன். மக்டலீன் போனில் படம் எடுக்கட்டோ என்று கேட்டாள், நான் விடவில்லை. தெரிகிற எல்லாவற்றையும் தனித்தாளில் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். குப்புறக் கிடக்கிறவை நாலு. எடுக்கிற கட்டு முடிந்துபோச்சு.

உன்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று எழுதினாய். கேட்டால் வர ஏலாது என்றுதான் பதில் வரும். அதுதான் கேட்கவில்லை.

அம்மா

லா கூர்நெவ்
02.04.2025

அன்பின் அம்மாவுக்கு,

ஒரு கட்டுக் கடதாசி வாங்கி, உங்கள் தாளைப் பார்த்துக் கட்டிலில் அடுக்கினேன். அறையில் இருக்கிற பிள்ளைகள் “என்னடி, சாத்திரம் சொல்லப் போறியோ? எனக்கு எப்ப கலியாணம்?” என்று பகிடி பண்ணினார்கள்.

அம்மா, இது முந்நூற்றிநாலு இல்லை. இதில் ஜாக் பெரிய கடதாசி இல்லை. ராணி அதைவிடப் பெரிது, ராசா ராணியைவிடப் பெரிது. ஒன்பது வெறும் ஒன்பதுதான். சிவப்பு ராணி போய் இருக்கக் கறுப்பு ராசா வேண்டும். நீங்கள் எழுதின எல்லாவற்றையும் அடுக்க, என் கையில் நாலு மிஞ்சியது. குப்புறக் கிடக்கிற நாலும் அவைதான். கறுப்பு ராசா இரண்டும் அதற்குள்ளே. ராணிகள் அவர்களுக்கு மேலே ஏறி இருக்கிறார்கள்.

திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையாது. ஆட்டம் முடிந்துவிட்டது அம்மா. அவன் இடையில் விட்டுவிட்டுப் போகவில்லை.

பொய் எழுதலாமோ என்றும் நினைத்தேன். ஆனால் நான் எழுதினபடி நீங்கள் வைக்கப் போய், அது போகாமல் திரும்பி வந்தால், அந்த நேரம் மேசையடியில் நீங்கள் தனியாக நிற்பீர்கள். அது எனக்குப் பொறுக்காது.

தானாக ஏற விடுகிறதோ நீங்களே அமத்துகிறதோ, இனி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பிரியந்தினி

குருநகர்
19.04.2025, பெரிய சனி

என் அன்புப் பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாசித்துவிட்டு உன்னோடு கோபமாய் இருந்தேன். நேற்றுச் சிலுவைப்பாதையில் முழங்காலில் நிற்கும்போது அந்தத் தட்டு ஞாபகம் வந்தது, தம்பி எழும்பும்போது மேசையில் தட்டின தட்டு. வென்றவன் அப்படித் தட்ட மாட்டான். தோற்றால் உன் அப்பாவும் உள்ளங்கையால் அப்படித்தான் ஒன்று வைத்துவிட்டு எழும்புவார், “சரி, விடு” என்கிற மாதிரி. நான் இவ்வளவு நாளும் அதை வேறு விதமாய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீ எழுதினது சரிதான். அவன் முடித்துவிட்டுத்தான் பாண் வாங்கப் போனான்.

திகதி வரும்வரை நான் காத்திருக்கவில்லை. இன்று காலை மக்டலீனைக் கூப்பிட்டு, இப்போது ஏற்று என்று சொல்லுகிற இடம் எது என்று கேட்டேன்.

“நான் அமத்தட்டோ அக்கா?”

“வேண்டாம். விரலாலை காட்டு, காணும்.”

நானே அமத்தினேன். தம்பியைக் கொண்டுபோகும்போது ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. இது கேட்டது. கேட்டதற்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்.

கடதாசி எல்லாம் போய், நீலமாய் வந்து ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மக்டலீன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் இருந்தேன். எழும்பினபோது லியோன் என்று அவன் பேரும் கீழே வெறுமையாய் ஒரு கட்டமும். அதில் நான் ஒன்றும் எழுதவில்லை. மூடியை மூடினேன். சூடாய் இருந்தது. ஆறும்வரை கையை எடுக்கவில்லை.

மத்தியானம் அந்த மேசையில் இருந்து சாப்பிட்டேன். இவ்வளவு நாளும் குசினியில் நின்றபடிதான்.

நீ எப்படி இருக்கிறாய்? என்ன சாப்பிடுகிறாய்? வழக்கு என்ன மாதிரி? வர ஏலாது என்று பதில் வந்தாலும் வரட்டும், கேட்கிறேன்.

மேசை லாச்சிக்குள் தம்பியின் கடதாசிக் கட்டு இருந்தது. செத்த வீட்டில் இரவு முழித்திருந்த ஆம்பிளைகள் அதை வைத்துத்தான் விளையாடினவை. இன்று அதைக் குலைத்து இரண்டு பேருக்குப் போட்டேன். முந்நூற்றிநாலில் முதல் நாலையும் பார்த்துத்தான் எத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்கிறது, நீ மறந்திருக்க மாட்டாய். உன் நாலும் இந்த உறைக்குள் இருக்கிறது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. என் நாலும் மேசையில், அவன் இருந்த பக்கத்துக்கு நேரே, குப்புறக் கிடக்கிறது.

கேள்வி உன்னுடையது. பார்த்து எழுது. அதுவரை நான் தொட மாட்டேன், கள்ளம் செய்ய மாட்டேன்.

உன் அம்மா,
யோசப்பின்